குண்டுச்சட்டிக்குள் ஒரு சர்வர்

தண்ணீர் விநியோக அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்த அந்த மனிதருக்குத் தெரு சேர்ந்து வைத்த பெயர் 'சர்வர்'. ஆயுளில் ஒருவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர்கூட அவர் கொண்டுவந்து வைத்ததில்லை. ஒருநாள் மாடிப்படியில் எதிர்வீட்டுக்காரரை மறித்து, "சொந்தமா ஒரு சர்வர் வீட்லயே வச்சிருக்கேன் சார், ராத்திரி பகலா வேலை செய்யுது" என்று பெருமையடித்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் நிதானமாக, "பரவாயில்லையே, அவனுக்குச் சாப்பாடும் உங்க வீட்லயேவா?" என்றார். அன்று ஒட்டிய பெயர். தன் அறிவுக்குக் கிடைத்த பட்டம் என்று எண்ணி அவரும் அதை மகிழ்ச்சியோடு சுமந்தார்.

அவர் பெருமையடித்த அந்தச் சர்வர் கறுப்புப் பெட்டி வடிவில் ஒரு கணினி. செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. குடும்பத்தின் படங்கள், வீடியோக்கள், பாட்டுகள் எல்லாம் அதற்குள். சொந்தக்காரர்கள் எந்த ஊரில் இருந்தாலும் செல்போனில் ஒரு விலாசத்தைத் தட்டித் திறந்து பார்த்துக்கொள்ளலாம். அது போட்ட இரைச்சலைக் கேட்டுக் கீழ்வீட்டு அம்மாள், மாடியில் மாவு மில் வந்துவிட்டது என்று கோதுமையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாளாம். ஜன்னலில் கூடு கட்டியிருந்த குருவிகள் குடும்பத்தோடு வேறு தெருவுக்குப் போய்விட்டன.

"நம்ம பொருளை அடுத்தவன் கம்பெனில கொண்டுபோய் வைக்கலாமா? நாளைக்கே அவன் கடையை மூடிட்டா?" என்பது அவருடைய வேதம். எந்த வீட்டு விசேஷத்திலும் இலைக்கு முன் உட்கார்ந்தவரைக்கூட விடாமல் இதை ஓதுவார். ஓதி ஓதி, உறவுக்காரர்கள் வைத்திருந்த கேசட்டுகள், குறுந்தட்டுகள் எல்லாவற்றையும் வாங்கிவந்து பெட்டியில் ஏற்றினார். ஏற்றியதும் மூலத்தைப் பழைய சாமான்காரனிடம் போட்டார். "குப்பை எதுக்கு?" என்றார். யாரையும் கேட்கவில்லை.

அப்படிப் போனவற்றில் அவர் மனைவியின் அக்காவுடையதும் ஒன்று. அக்கா வெகுதூரத்து ஊரில் தனியாக இருந்தாள். அவள் கணவர், அதாவது நம்மவரின் சகலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர்; காலமாகிவிட்டார். அவர் உயிரோடு பேசும் வீடியோ உலகத்திலேயே ஒன்றுதான். ஏதோ ஒரு விருந்தில் வாய் நிறையச் சோற்றோடு, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக் கடை முழுக்கத் தேடிய வாடிக்கையாளர் கதையைச் சொல்லிப் புரையேறப் புரையேறச் சிரிப்பார். சாயங்காலம் அக்கா சாப்பிட உட்கார்ந்தால் தட்டுக்கு எதிரே செல்போனை நிறுத்திவைத்து, தங்கை வீட்டுப் பெட்டியிலிருந்து அதைப் போட்டுக்கொள்வாள். துணைக்கு ஆள் இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இந்த நிலையில்தான் நம்மவர் வீடு மாறினார். மனைவி அடுப்பையும் பாத்திரத்தையும் வண்டியின் பின்பக்கம் பிடித்துக்கொண்டு வர, அவர் முன்சீட்டில் பெட்டியைப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார். புது வீட்டில் பாய்கூட விரிக்கவில்லை, பெட்டிக்கு இடம் பார்த்தாயிற்று. புது இணைய இணைப்பு, புது ரவுட்டர். பச்சை விளக்கு எரிந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு படுக்கையறையில் நின்று பார்த்தார், ஓடியது. சமையலறையில் ஓடியது. குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டும் பார்த்தார், அங்கும் ஓடியது. "உலகத்துல எங்க இருந்தும் பார்க்கலாம்" என்று உள்ளேயிருந்தே அறிவித்தார்.

மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "தம்பி, வட்டமா ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கு. அவரு வரலை."

"எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்க பக்கம் பாருங்க" என்றார் சர்வர்.

இது அவருக்கு ஆபீசில் பழகிய வாய். தண்ணீர் வரவில்லை என்று குடத்தோடு வருகிறவர்களுக்கு நாற்காலியில் சாய்ந்தபடி அவர் சொல்கிற பதில் எப்போதும் அதுதான்: எங்கள் பக்கம் சரி, உங்கள் குழாயைப் பாருங்கள். குழாயையே கழற்றிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தவர்களும் உண்டு. வாய் மாறவில்லை.

அக்கா போனை அணைத்துப் போட்டாள். செயலியை அழித்து மறுபடி இறக்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தாள். வட்டம்தான். ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடித்தார்: உங்க ஊர் சிக்னல் மட்டம், உங்க போன் கிழடு, உங்க விரல் அழுத்தறதே சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அடுத்த ஊர்க் கூடத்தையே கோணல் என்றார்.

கடைசியில் அக்கா தங்கையைக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "உண்மையைச் சொல்லுடி. மூட்டை கட்டறப்போ பெட்டி விழுந்துடுச்சா? அவரு போயிட்டாரா?"

"இல்லக்கா. பெட்டி கல்லு மாதிரி இருக்கு. என் கண்ணால பார்த்தேன், அத்தான் நல்லா சிரிச்சிட்டிருக்காரு."

"உனக்கு மட்டும் சிரிக்கறாரு, எனக்குச் சிரிக்க மாட்டேங்கறாரா? புருஷனைக் காப்பாத்தப் பொய் சொல்லாதடி." அதோடு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு தங்கை எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. பிறந்த வீடு என்று தங்கைக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு அக்காதான்.

தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படிப்பவள், புருஷனையா படிக்கமாட்டாள். மறுநாள் கடையில் நின்றுகொண்டு தன் போனில் அந்த விலாசத்தைத் தட்டினாள். வட்டம் சுற்றியது. வீட்டுக்கு வந்து தட்டினாள். அத்தான் சிரித்தார். வாசற்படி தாண்டுவதற்குள் விஷயம் விளங்கிவிட்டது.

"ஏங்க, நீங்க வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே வீட்டுப் பெட்டியைப் பார்க்கறீங்க. குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டிட்டு, குதிரை ஊரைச் சுத்துதுங்கறீங்க."

"மருந்துக்கடை நெட்டு சரியிருக்காது."

"அப்ப வெளியில வாங்க. தெருவுக்கு."

வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைத் தீபத்தட்டு மாதிரி ஏந்தியபடி. வாசல் கேட்டில் நின்று தட்டினார், ஓடியது. "பார்த்தியா?" என்றார். வீட்டு வைஃபை கேட் வரைக்கும் வரும் என்பது அந்த அறிவாளிக்கு உறைக்கவில்லை. மனைவி அவரை மேலும் நடத்தினாள். சலவைக்கடையைத் தாண்டியதும் சகலையின் வாய் பாதிச் சிரிப்பில் நின்றது. பிறகு வட்டம். போனைத் தூக்கிப் பிடித்தார், உதறினார், எதிர்ப்பக்கம் திரும்பி நின்றார். மழைக்கு ஆடுகிற மயில்கூட அத்தனை பக்கம் திரும்பியிருக்காது.

பழைய வீட்டு எதிர்வீட்டுக்காரர் சலவைத் துணி வாங்க அங்கே வந்திருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தவர், "என்ன சார், சர்வர் இன்னிக்கு லீவா?" என்றார்.

வீட்டுக்கு வந்து ரவுட்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார் நம்மவர். வெளியிலிருந்து வருகிற அழைப்பைப் பெட்டிக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைப் பழைய ரவுட்டரில் செய்திருந்தார். அதுவோ பழைய வீட்டோடு போயிற்று. புதியதில் செய்ய மறந்திருந்தார். செய்தார். பெட்டிக்குப் புது ரவுட்டர் வேறு எண் கொடுத்திருந்ததை அப்புறம்தான் பார்த்தார், அதையும் திருத்தினார். மனைவியைச் சலவைக்கடைக்கு அனுப்பினார். போன் வந்தது: "வட்டம்."

இணையக் கம்பெனியைக் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள். "எங்க பக்கம் லைன் சரியாத்தான் இருக்கு சார். உங்க பக்கம் பாருங்க."

தலைமை எழுத்தரின் முகம் போன போக்கைப் பார்க்க, தண்ணீர் வராத தெருக்காரர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்திருக்க வேண்டும். கத்தினார். பத்திரிகைக்கு எழுதுவேன் என்றார். அவள் அலுத்துப்போய் வேறொருவரிடம் மாற்றிவிட்டாள். அவர்தான் விளக்கினார்: இந்த இணைப்பில் ஒரு பேட்டை முழுவதற்கும் வெளியே தெரிகிற விலாசம் ஒன்றுதான். அந்த விலாசத்துக்கு வருகிற அழைப்பு யார் வீட்டுக்கு என்று தெரியாமல் வழியிலேயே நின்றுவிடும். தனி விலாசம் வேண்டுமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொஞ்சம் கூடச் செலவாகும்.

"அவன்கிட்ட போய்க் கையேந்தறதா? இது கொள்கைப் பிரச்சினை" என்று போனை வைத்தார்.

மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் ஈரக்கையோடு வந்து நின்றாள். "கொள்கையை நீங்க வச்சுக்குங்க. எனக்கு எங்க அக்காவைக் குடுங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் நகரவில்லை. கையிலிருந்து சொட்டிய தண்ணீர் ரவுட்டரின் பக்கமாக ஓடியது. அவர் ரவுட்டரைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் கம்பெனியைக் கூப்பிட்டார்.

தனி விலாசம் வந்தது. இந்த முறை மனைவி சலவைக்கடையோடு நிற்காமல் மருந்துக்கடைக்கே போய்த் தட்டினாள். அத்தான் வந்தார், சோற்றோடு, சிரிப்போடு. அங்கேயே நின்று புது விலாசத்தை அக்காவுக்குச் செய்தியாக அனுப்பினாள்: 'அத்தான் இருக்காரு. இதைத் தட்டிப் பாரு. அப்புறமா என்னைத் திட்டு.'

சாப்பாட்டு நேரம் கழித்து அக்கா கூப்பிட்டாள். நன்றி தனக்குத்தான் வரும் என்று சர்வர் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"பார்த்தீங்களாக்கா? சொன்னேனே. இனி உலகத்துல எங்க இருந்தும்..."

"தம்பி," என்றாள் அக்கா, "அதை அப்படியே ஒரு பிரதி எடுத்து எனக்கு அனுப்பிடு. உன் பெட்டி உன் வீட்ல இருக்கட்டும். என் வீட்டுக்காரரு என் வீட்ல இருக்கட்டும். போனை அவகிட்ட குடு."

அவர் கொடுத்தார். அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிய பேச்சில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

அடுத்த விடுமுறைக்குத் தங்கை ரயில் ஏறினாள், கைப்பையில் அத்தானின் பிரதி ஏற்றிய ஒரு சின்ன வட்டோடு. தபாலில் அனுப்பலாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார். "தபால்காரரும் அடுத்தவர்தானே" என்றாள் அவள். விஷயம் மற்ற சொந்தங்களுக்கும் பரவி, ஒவ்வொருவராகத் தங்கள் தங்கள் பிரதியைக் கேட்க ஆரம்பித்தார்கள். சர்வர் ஆபீஸ் விட்டு வந்தால் பிரதி எடுப்பதே வேலையாகிவிட்டது. கேட்டவர்களுக்குக் கேட்டதை வரிசையாக எடுத்து வைத்தார். அந்தப் பெயருக்குரிய உத்தியோகத்தை வாழ்க்கையில் முதன்முறையாக அப்போதுதான் செய்தார்.