மடங்காத விரல்கள்

பால் கறக்கும்போதுதான் முதலில் தெரிந்தது. வலது கைக் கட்டைவிரலும் பக்கத்து விரல்களும் காம்பைப் பிடித்திருக்கின்றனவா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படுத்தால் எரிச்சல் வேறு. கையை உதறி உதறியே தூக்கம் போனது. வாயு என்றார்கள், ரத்தம் கம்மி என்றார்கள். வைத்தியம் சொல்லாத வாய் மாரண்டஹள்ளிச் சந்தையில் ஒன்றுகூட இல்லை.

தருமபுரியில் டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார். விரல்களில் ஷாக் அடித்தது. "நரம்பு போற வழி இறுகிப்போச்சும்மா. மேல இருக்கிற பட்டையை வெட்டிவிட்டாத்தான் நரம்பு பிழைக்கும்" என்றார். எனக்கு ஒரே கேள்விதான். "பால் கறக்க முடியுங்களா?" முடியும் என்றார். எங்கள் சிந்து மாடு என்னைத் தவிர யாரையும் அண்டவிடாது. அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்ல வெட்கமில்லை.

ஆபரேஷன் முடிந்து அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். "இன்னிக்கே விரலை மடக்கி மடக்கி நீட்டுங்க. கனம் மட்டும் தூக்காதீங்க" என்று டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டது, கூட வந்த நாத்தனாருக்கும் கேட்டது. கேட்டு என்ன செய்ய?

நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை, பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். என் விரல் அசைந்தாலே ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். "ஐயோ அண்ணி, அசைக்காதீங்க. அப்புறம் அறுத்த எடம் எப்படிங்க கூடும்?" தையல் பிரித்த அன்றே உளுந்துமாவையும் முட்டையையும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்து, விரல் நுனிவரை இறுக்கிக் கட்டினாள். "ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடிஞ்சப்ப நான் கட்டுனதுதானுங்க நின்னுச்சு. டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. வூட்டுல பாக்கறது நாமதானுங்களே?" அந்தக் குட்டி இப்போது கிடாவாகி வேலி தாண்டுகிறது. நானும் நம்பினேன். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், புடவை கட்டிவிட்டாள். பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். மாட்டையும் அவளே பார்த்துக்கொண்டாள். முதலில் நன்றாக உதை வாங்கினாள். தவிடு வைத்து, தடவிக்கொடுத்து, பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்தபோது எரிச்சல் போயிருந்தது, உணர்ச்சி வந்திருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை. மடக்கினால் உயிர் போனது. மறுபடி தருமபுரிக்குப் போனபோது டாக்டர் கட்டின் தடத்தைப் பார்த்துவிட்டு, "யாரு கட்டினது?" என்று கத்தினார். நாத்தனார் சுவரோடு ஒட்டி நின்றாள். "நானேதாங்க கட்டிக்கிட்டேன்" என்றேன். ஒற்றைக் கையால் யாரும் அப்படிக் கட்டிக்கொள்ள முடியாது என்று அவருக்குத் தெரியாதா? பயிற்சி எழுதிக் கொடுத்தார். "கொஞ்சம் வரும். பழையபடி வராதும்மா."

கோபம் இல்லாமல் இல்லை. திட்டலாம் என்று வாயெடுத்தால், அவள் முகத்தைப் பார்த்ததும் "சாப்பிட்டியா?" என்றுதான் வருகிறது. வெந்நீரில் கையை வைத்து மடக்கிக்கொண்டிருக்கிறேன். டம்ளர் பிடிக்க வருகிறது, சீப்புப் பிடிக்க வருகிறது.

நேற்றுக் காலை அவள் வருவதற்குள் நானே செம்பை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாடு உதைக்கவில்லை, நகரவில்லை. விரல்கள் காம்பில் வழுக்கி வழுக்கிப் போயின. ஒரு பீச்சுப் பால்கூட வரவில்லை. அதற்குள் வாசலில் நாத்தனார் செருப்பைக் கழற்றிவிட்டு, "அண்ணி, எங்கிருக்கீங்க?" என்று கூப்பிட்டாள்.

மாடு குரல் வந்த பக்கம் காதைத் திருப்பியது. என் கைக்கடியில் காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்ட ஆரம்பித்தது.

எழுந்து செம்பை அவளிடம் கொடுத்தேன்.