என் லேகியத்துக்குக் காப்புரிமை

மூன்று வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது எங்கள் தரங்கம்பாடியில் நடந்தது இது. நான் பள்ளியில் வேதியியல் வாத்தியார். பிரஷர் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து என் மனைவிக்கு ஓயாத வறட்டு இருமல். சர்ச் பாடகர் குழுவில் அவள் பாடினால்தான் களைகட்டும். இருமலால் ஒரு வரிகூட முடிக்க முடியாமல் தவித்தாள்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாங்க" என்றாள். நான் கேட்டால்தானே! அதிமதுரம், சித்தரத்தை, இன்னும் இரண்டு சரக்கு சேர்த்து நானே ஒரு லேகியம் கிளறிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் இருமல் குறைந்தது. இரண்டு வாரத்தில் சுத்தமாக நின்றுவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. தஞ்சாவூருக்கு ஓடி, காப்புரிமை வாங்கித் தரும் வக்கீலைப் பார்த்தேன்.

"செய்முறையை யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார்" என்றார் அவர். போதாதா? அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக் கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கிளறுவேன். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன சார் வாசனை தூக்குது?" என்றால் திருட்டு முழி முழிப்பேன். மனைவியிடம் மணிக்கொரு தரம் "இருமுனியா?" என்று நச்சரிப்பேன். "இல்லைங்க" என்பாள், என் முகத்தைப் பார்க்காமல். அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட நான் கிளம்பிய சனிக்கிழமை, பாட்டு ஒத்திகையில் அவள் மயங்கி விழுந்துவிட்டதாக போன் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அலறியடித்து ஓடினேன். பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது. "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" என்றார் டாக்டர்.

அவள் அழுதுவிட்டாள். "நிறுத்தி ஒரு மாசமாச்சு டாக்டர். கிறிஸ்துமஸுக்குப் பாடணும்னு நிறுத்துனேன். இவரு தன் மருந்துதான் கேட்டுச்சுன்னு அப்படிக் குதிச்சாரு. சொல்ல மனசு வரல."

அப்போது என் வாயில் வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா? "அப்ப என் லேகியம்?" சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா பக்கவாதமே வந்திருக்கும் சார். அந்த மாத்திரைக்குச் சில பேருக்கு இருமல் வரும். சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மாத்தியிருப்பேனே" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். மாத்திரை மாறியது, இருமல் திரும்ப வரவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் பாடவில்லை, ஈஸ்டருக்குப் பாடினாள். எல்லோரும் அவள் குரலைக் கேட்டார்கள். எனக்கு மட்டும், பெண்டாட்டி படுக்கையில் கிடக்கும்போது லேகியத்தைப் பற்றிக் கேட்ட என் குரல்தான் இன்றைக்கும் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.