கிர்க்கியில் முப்பது புட்டி ரத்தம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பூனா ஸ்டேஷனில் இறங்கினேன். சென்னையிலிருந்து சுமார் ஆயிரத்து நூறு கிலோமீட்டர். மூன்றாம் வகுப்புப் பலகையில் உட்கார்ந்து வந்ததில் ஒன்றைக்கூட என் இடுப்பு மறக்கவில்லை. 1965 செப்டம்பர், பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஸ்டேஷன் கண்ணாடிகளிலெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தார்கள். டீ பதினைந்து பைசா. யுத்தம் வந்ததால் கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாது, அது எப்போதும் வெந்நீர்தான் போலிருக்கிறது.

கிர்க்கிக்கு ஆறு கிலோமீட்டர். டாங்காக்காரர் இரண்டு ரூபாயில் ஆரம்பித்து ஒன்றரைக்கு இறங்கினார். வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பு லைனில் இருக்கும் மதராஸி டாக்டரம்மா வீடு என்று என் இந்தியில் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வாரம் டாக்டரம்மா அவருக்கு ஊசி போட்டாராம். கத்தினால் குதிரைக்கும் போடுவேன் என்றாராம்.

டாக்டர் கனகம் என் பெரியப்பா மகள். தொழிற்சாலையில் வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பன்னிரண்டு வருஷமாக வைத்தியம் பார்க்கிறாள். அக்காவுக்குச் சாமியிலும் சகுனத்திலும் நம்பிக்கை கிடையாது. அவளை எதிர்த்துப் பேச எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. பெயர் எழுத ஆள் வேண்டும், உடனே வா என்று கார்டு போட்டாள், வந்துவிட்டேன்.

அடிபட்ட சிப்பாய்கள் ரயிலில் பூனாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ராணுவ வண்டி வரும், அதற்குள் முப்பது புட்டி ரத்தம் தருகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். லைன் ஜனங்கள் ஊசியைக் கண்டால் ஓடுவார்கள், பத்து தேறினாலே அதிகம் என்று ஓர் அதிகாரி சொல்லியிருந்தார். சிப்பாய்களை நினைத்து அவளுக்குத் தூக்கமில்லை. அந்த அதிகாரியை நினைத்துச் சாப்பாடும் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மருந்தகத்து வாசலில் ஐம்பது பேர். அத்தனை பேரும் குளித்து, ஈரத் தலையோடு, நெற்றியில் நாமம் போட்டு, சிலர் மஞ்சள் வேட்டியே கட்டி நின்றார்கள். மூன்று கட்டில், இரண்டு நர்ஸ், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நான். முதலில் ரத்தம் கொடுத்த பட்டறைக்காரர், ஆறடி ஆள், எழுந்தார்; எழுந்த வேகத்திலேயே சாய்ந்தார். அடுத்தவரும் அப்படியே. அக்கா சந்தேகப்பட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எல்லோரையும் கேட்டாள்.

ஃபிட்டர் மனைவி கோவிந்தம்மாள்தான் பதில் சொன்னாள். "புரட்டாசி மொத சனிக்கெழம டாக்டரம்மா. அதுல புண்ணிய காரியம் வேற. துன்னுட்டா வருவாங்க?"

அக்கா தேதி பார்த்தது இங்கிலீஷ் காலண்டரில். சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினாள், அதட்டினாள். பெருமாளுக்குப் படைக்காமல் பச்சைத் தண்ணீர் கிடையாது என்றுவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் படைத்துச் சாப்பிட்டுத் திரும்பப் பகல் ஒரு மணி ஆகிவிடும். அப்புறம் எங்கே முப்பது?

அக்கா இரண்டு நிமிஷம் யோசித்தாள். படையல் இங்கேயே, இப்போதே என்றாள். எல்லா வீட்டிலும் கடலை இரவே ஊறியிருந்ததால் வசதியாகப் போயிற்று. ஊசி கொதிக்கும் அடுப்பில் சுண்டல் வெந்தது. எடை பார்க்கும் கருவிக்கு மேலே காலண்டர் பெருமாள் ஏறினார். மாவிளக்கு ஏற்றினார்கள். அக்கா கைகூப்பி நின்றாள்; கண் மட்டும் கைக்கடிகாரத்தில் இருந்தது.

விளக்கு தானாக மலையேறிய பிறகுதான் யாரும் சாப்பிடலாம். யாரோ பக்தி மிகுதியில் நெய்யை விளிம்புவரை ஊற்றியிருந்தார்கள். பத்தரை ஆயிற்று, எரிந்தது. பத்தே முக்கால் ஆயிற்று, இன்னும் நன்றாக எரிந்தது. அக்கா என் காதோரம், "டேய், ஃபேனைப் போடு" என்றாள். வெளியே தூறல், எனக்குக் குளிரில் பல் கிட்டியது. போட்டேன். விளக்கு மலையேறியது. கோவிந்தா என்ற கோஷத்தில் கூரை அதிர்ந்தது.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நானும் கொடுத்தேன். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மயங்கி விழுந்தவன் நான் ஒருவன்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றே முக்காலுக்கு இருபத்தொன்பது. மிச்சம் இருந்தவர்களை ரத்தசோகை என்று அக்கா திருப்பி அனுப்பியிருந்தாள். கடைசியாகக் கோவிந்தம்மாள் படுத்தாள். குத்துவதற்கு ஊசியை எடுத்ததும் கையை இழுத்துக்கொண்டாள்.

"என் ரத்தம் வெரத ரத்தம். இது ஏறுற சிப்பாய்ப் புள்ளைக்குச் சனிக்கெழமையில முட்டை, கவுச்சி குடுக்கக் கூடாது. எழுதி ஒட்டு, தரேன்."

"ரத்தத்துக்கு விரதம் கிடையாதும்மா."

"எனுக்குக் கீதே."

வாசலில் ராணுவ வண்டி ஹாரன் அடித்தது. பெருமாளையே நம்பாத என் அக்கா, சனிக்கிழமைகளில் முட்டை, மாமிசம் கூடாது என்று இங்கிலீஷில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கோவிந்தம்மாளுக்கு இங்கிலீஷ் தெரியாது; ஆகவே என்னை விட்டுப் படிக்கச் சொல்லி, அர்த்தமும் கேட்டுக்கொண்டுதான் கையை நீட்டினாள். முப்பதாவது புட்டி அந்தச் சீட்டோடு வண்டியேறியது.

ஞாயிற்றுக்கிழமை என்னை வழியனுப்ப அக்கா ஸ்டேஷனுக்கு வந்தாள். சென்னையில் நாங்கள் தினமும் சாயங்காலம் காபியோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்து இந்தச் சண்டையை ஜெயித்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கத்தான் அவளைச் சீண்டினேன். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரியில் அப்போதே கிழித்திருப்பார்கள் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கிழிக்கட்டும்டா. அடுத்த சனிக்கிழமை அந்தப் பையன் எழுந்து உட்கார்ந்து முட்டை கேக்கணும். எனக்கு அது போதும்."