மலிவான ஊரிலிருந்து வந்த அண்ணி

ரயிலை விட்டு இறங்கும்போதே அண்ணியின் இடுப்பில் ஒரு கூடை இருக்கும். அதில் கத்தரிக்காய், கேப்பை மாவு, உரிக்காத மல்லாட்டை என்கிற வேர்க்கடலை. அண்ணி என் கணவரின் அக்கா. தன் கணவர் இறந்த பிறகும் திண்டிவனத்தில் புகுந்த வீட்டிலேயே, அவருடைய அண்ணன் குடும்பத்தோடு இருந்தவர். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. என் கணவருக்கு விழுப்புரம் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை.

முதல் தடவை அண்ணி வந்ததே எங்களைத் திண்டிவனத்துக்குக் கிளப்பிக்கொண்டு போகத்தான். நுழைந்ததும் வாடகையைக் கேட்டார், பால் விலையைக் கேட்டார், விறகு விலையைக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் மோவாயில் கை வைத்தார்.

"இந்த வாடகைக்கு எங்க ஊர்ல கெணத்தோட வீடு கெடைக்குமே. மாத்தல் கேட்டு எழுதிப் போடுடா தம்பி."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்களுடையது ஜங்ஷன் ஊர். வண்டி மாறுகிற சனத்துக்கு விற்றுப் பழகிய கடைக்காரர்கள் எங்களிடமும் அதே விலைதான் சொல்வார்கள். மலிவான ஊர் என்றதும் எனக்கும் ஆசை தட்டிவிட்டது.

மறுநாள் கணவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணியும் கூட வந்தார். அவரைப் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்த் திரும்பினால், அவர் மடியில் ஒரு குழந்தை. புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்த யாரோ ஒரு பெண், "கொஞ்சம் புடிச்சிக்கினு இருங்கக்கா, ஜல்தியா பால் வாங்கினு வந்துர்றேன்" என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். திண்டிவனத்து வீட்டில் கணவரின் அண்ணன் பேரனுக்குக் காது குத்தியபோது அடுப்படியை விட்டு வெளியே வராதவர் அண்ணி. வராதே என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளைப் புடவை கட்டியவர் எங்கே நிற்க வேண்டும் என்று அங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் புடவையின் முந்தானையைத்தான் இந்தக் குழந்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அண்ணி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலமே தம்பியிடம், "மாத்தலும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இங்கியே இரு" என்றார்.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை கூடையோடு வந்துவிடுவார். விழுப்புரத்தில் விலை கொள்ளை, தம்பி குடும்பம் பாவம் என்று தன் வீட்டில் காரணம் சொல்லியிருந்தார். கூடையை இறக்கியதும் ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடுவார். போகிற வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டு, யாருடைய பிள்ளைக்கோ வேடிக்கை காட்டிவிட்டு, முகம் மலர்ந்து திரும்புவார். இன்று என் பேத்திகள் சென்னையா பெங்களூரா என்று வாடகையை வைத்து வாதாடும்போது எனக்கு அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு விசேஷத்துக்குத் திண்டிவனம் போயிருந்தோம். சாப்பாடு ஆனதும் அண்ணியின் மூத்தார், அந்தக் கணவரின் அண்ணன், வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"யுத்தந்தான் முடிஞ்சிபோச்சே. இப்ப உங்க ஊர்லயும் வெலையெல்லாம் இங்க மாதிரிதானம்மா? இவ இன்னும் எதுக்குக் கூடையத் தூக்கினு அலையணும்?"

கெட்ட மனிதர் இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். நான் ஆமாம் என்று சொன்னால் அத்தோடு எல்லாம் முடிந்தது. உண்மையைச் சொல்லப்போனால், அந்த மாதம் கத்தரிக்காய் எங்கள் ஊரில்தான் மலிவு.

"அதை ஏன் கேக்கறீங்க மாமா, முன்னவிட இப்பதான் பேஜாரு. அண்ணி கொண்டாந்து போட்டாதான் எங்க வீட்ல உலை வைக்கிறோம். மாசம் ஒரு வாட்டி பத்தல. ரெண்டு வாட்டியா அனுப்பி வைங்க" என்றேன்.

சபையில் மானம் போன என் கணவர் என்னை முறைத்தார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மூத்தார் "அடப் பாவமே" என்று உச்சுக் கொட்டிவிட்டு, அடுத்த வாரமே போய் வரும்படி அண்ணியிடம் சொன்னார்.

"இங்க வேலை கெடக்குதுங்களே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அண்ணி இழுத்தார்.

"வேலையெல்லாம் நம்ம வீட்டுப் பொம்பளைங்க பாத்துப்பாங்க" என்று மூத்தார் அதட்டினார். "நீ மொதல்ல கெளம்பு."