எதிர்வீட்டுக்காரி மட்டும் வேண்டாம் என்று செபித்தேன்

ஆண்டவரை நம்பும் என் உறவுகளே, அந்தத் தெருவை நான் வெறுத்தேன். அதை மறைத்துச் சாட்சி சொல்ல எனக்குத் தெரியாது.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமானதும் கணவரின் மில் வேலைக்காக வடமதுரைக்குப் பக்கத்தில் குடிவந்தோம். காற்றே கிடையாது. தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை. அந்தத் தெருவில் நலம் விசாரித்தாலே சண்டை போடுவது போலிருக்கும்.

முதல் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்கு அன்று கறி ஆகாது, மீன்தான். நல்ல சாளை கிடைத்தது. குழம்பு வைத்து, எதிர்வீட்டுப் பேச்சியம்மாளுக்கு ஆசையாக ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். அவர் வீடு கழுவி அப்போதுதான் விளக்கேற்றியிருந்தார். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை மீன் வாசலைத் தாண்டக் கூடாதாம். என் ஊரில் எல்லோரும் எங்களைப் போல வேதக்காரர்கள். எனக்கு எங்கே தெரியும்?

"வெளக்கு வச்ச வீட்டுக்குக் கவுச்சியத் தூக்கிட்டு வாரியே, வேணும்னே செய்றியா?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

எங்கள் ஊரில் மனம் நொந்தவள் வாயை மூடிக்கொள்வாள். மற்றவர்கள் வந்து சமாதானம் செய்வார்கள். நானும் மூடிக்கொண்டேன். ஒருவரும் வரவில்லை. திமிர் பிடித்தவள் என்ற பெயர்தான் வந்தது. சோறு இறங்கவில்லை, தூக்கம் போனது. பகலிலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வயிற்றில் பிள்ளை வேறு. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனால் திரும்ப மாட்டேன் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் போகுமுன்பே அந்த நாள் வந்தது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. மத்தியானம் இரத்தம் பட்டது. கணவரின் போன் மில் லாக்கரில் இருக்கும். என்னால் எழ முடியவில்லை. மாதா படத்தைப் பார்த்துக் கதறினேன். "தாயே, யாரையாவது அனுப்பும். பேச்சியம்மாள் மட்டும் வேண்டாம்." சாகக் கிடந்தபோதும் அப்படித்தான் செபித்தேன்.

சற்று நேரத்தில் கதவு அதிர்ந்து திறந்தது. பேச்சியம்மாள்தான். நான் போட்ட மோட்டார் நிற்காமல் ஓடி, தொட்டி நிரம்பி, அவர் வாசலெல்லாம் தண்ணீர். சண்டைக்குத்தான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் திட்டு நிற்கவில்லை.

"ஏன்டி, வாய் இருக்குல்ல? ஒரு சத்தம் குடுத்தா கொறஞ்சா போவ?"

திண்டுக்கல் ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவில் என் தலையை மடியில் தாங்கியபடி திட்டினார். என்னை, என் கணவரை, என் மீன்குழம்பை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்கக்கா, உயிர் போகுது எனக்கு" என்று கத்தினேன்.

"இப்பத்தான்டி மனுசி மாதிரி பேசுற" என்று கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாலையில் மகள் பிறந்தாள். எடை குறைவுதான், ஆனாலும் அழுதாள். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்றார் டாக்டர். கதவுக்கு வெளியே பேச்சியம்மாள் யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. அந்த ஊருக்கு வந்து முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போனேன். இன்னும் கொஞ்ச நாள் இரு என்றார்கள். நான்தான் வடமதுரைக்குப் பஸ் ஏறினேன். பேச்சியம்மாள் அக்கா மாறவில்லை. இன்றும் தண்ணீருக்குச் சண்டைதான், நானும் விட்டுக்கொடுப்பதில்லை. பகலில் கதவைச் சாத்துவதில்லை.

புது ஊரில் தனியாக அழுகிற சகோதரிகளே, தைரியமாகக் கேளுங்கள். யாரை அனுப்ப வேண்டாம் என்று மட்டும் மாதாவுக்குச் சொல்லாதீர்கள். நான் சொன்னதை அவள் கேட்டிருந்தால் இன்று என் மகள் இல்லை.