அன்று நான் போட்ட பூச்சியம்

பதுளையில் உளவளத்துணை (மனநல ஆலோசனை) முதுகலைப் படிப்புக்கான நேர்முகத் தேர்வு. பூனாகலைத் தேயிலைத் தோட்டப் பள்ளி ஆசிரியை செல்வியிடம், "அழுகிறவரிடம் என்ன பேசுவீர்கள்?" என்று கேட்டேன்.

"பேசமாட்டேங்க சார். அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருப்பேன்."

பேச்சுத்திறனுக்குப் பூச்சியம் போட்டேன். அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆண்டிறுதியில், நான் தேர்ந்தெடுத்த மாணவரின் களப்பயிற்சியை மதிப்பிட அதே பள்ளிக்குப் போனேன். மகனை இழந்த தாயிடம் அவர் அறிவுரைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். அந்தத் தாய் பாதியில் எழுந்துபோய், செல்வியின் தோளில் சாய்ந்து அழுதார். செல்வி வாயே திறக்கவில்லை.

வெட்கத்தோடு, மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னேன்.

"கேட்டா அதே பதிலைத்தான் சொல்லுவேன். பரவாயில்லீங்களா சார்?"

அடுத்த நேர்முகத் தேர்வில் அதையே சொன்னார். முழுப்புள்ளி போட்டேன். தேர்வுக் குழு காரணம் கேட்டது. அன்று நான் போட்ட பூச்சியத்துக்கு ஏன் ஒருவரும் காரணம் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்டேன்.