நாலாவது ஆளாக ஒரு கல்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நான் வீடுகளைச் சூடாக்குகிற ஃபர்னஸ் மெஷின் திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாக ரொறன்ரோவில் அடுத்தவர்களின் வீட்டு பேஸ்மென்ற்றுகளில் தனியாக நின்று வேலை செய்கிறேன். இருட்டைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. ஒரு மெஷின் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும் என்று நம்புகிறவன். போன ஜூன் மாதம் இரண்டாம் சனிக்கிழமை நடந்ததற்கு மட்டும் இன்றுவரை எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. கீழே இருக்கிற நேரங்கள் எல்லாம் என் போனைப் பார்த்து எழுதியவை. நான் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பேய் என்றால் இரவில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. இது நடந்தது பட்டப்பகலில்.

என் மகள் அட்சயாவுக்கு அன்று பதினேழாவது பிறந்தநாள். எங்களுக்கு ஒரே பிள்ளை. அவளுடைய போனைத் திறந்தால் எப்போதும் இத்தாலிக் கடற்கரைப் படங்கள்தான். தனியாக ஒரு படகு எடுத்து, அந்தக் கரையோரமாக ஒரு நாள் முழுக்கப் போக வேண்டுமாம். எனக்கு லீவு கிடைத்ததே அந்த ஒரு சனிக்கிழமைதான்.

“வெள்ளைப் பாறை, நீலத் தண்ணி. ரெண்டும் ஸ்காபரோவிலயும் இருக்கு,” என்றேன்.

“அப்பா, அது லேக்,” என்றாள். ஆனாலும் ஒத்துக்கொண்டாள்.

பிக்கரிங்கில் மரியோ என்ற வயதான இத்தாலியர் ஒருவர் சின்ன மோட்டார் படகை நாள் வாடகைக்கு விடுவார். இத்தாலிக்குப் போகாவிட்டாலும் இத்தாலியனின் படகாவது கிடைத்ததே என்று என் மனைவி நிரூபா கிண்டலடித்தாள். படகு ஓட்டுவதற்கான கார்டை நான் ஆன்லைனில் ஒரு பின்னேரம் இருந்து எடுத்திருந்தேன். யாழ்ப்பாணத்தான் என்றால் கடல் தெரியும் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நான் சுன்னாகத்தான். வீட்டுக் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்து வளரவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது.

காலை 11:10. படகுத்துறையில் நிரூபா படகுக்குள் கால் வைக்காமல் நின்றாள்.

“நாங்கள் மூண்டு பேர். கல்லு எங்க?”

மூன்று பேராக ஒரு காரியத்துக்குப் போனால் சரிவராது என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதனால் நாலாவது ஆளாக ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கொண்டு போவோம். மில்லிக்கனில் வீடு பார்க்கப் போனபோதும் அப்படித்தான் போனோம். அந்தக் கல் என் வேலை வான் வண்டிக்குள்ளேயே கிடக்கும். அன்று நாங்கள் வந்தது நிரூபாவின் காரில்.

அட்சயா சிரித்துக்கொண்டே அலைதடுப்புச் சுவரின் நுனிவரை நடந்துபோய் ஒரு கல்லோடு வந்தாள். கறுப்புக் கல். உள்ளங்கை அளவு.

“எங்க எடுத்தனீ?”

“அங்க யாரோ குட்டிக் கோபுரம் மாதிரி அடுக்கி வச்சிருக்கினம். டொப்பில இருந்தது.”

அந்த இடத்திலேயே திருப்பி வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மரியோ தந்த வாடகைப் படிவத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. நிரூபா என் முழங்கையில் தட்டினாள். 4 என்று எழுதினேன். நாலாவது ஆள் எங்கே என்று மரியோ கேட்டார். கார் பார்க் பண்ணுகிறார் என்று அட்சயா முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். அவர் நாலு லைஃப் ஜாக்கெட் தந்துவிட்டுப் போய்விட்டார். அட்சயா கல்லைப் பின்பக்கத்து இடது இருக்கையில் வைத்து, நாலாவது ஜாக்கெட்டை அதைச் சுற்றிப் பூட்டிவிட்டாள்.

பகல் 1:25. ஸ்காபரோ பிளஃப்ஸ் என்கிற அந்த வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே நங்கூரம் போட்டோம். வெயில். தண்ணீர் உண்மையாகவே நீலம். அட்சயா என் தோளில் சாய்ந்து, இத்தாலியை விட இது பரவாயில்லை என்றாள். அவள் என் தோளில் சாய்ந்து இரண்டு வருடம் இருக்கும்.

நிரூபா மட்டன் ரோல்ஸ் எடுத்துத் தந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை அவள். ஒரு ரிசூப் பேப்பரில் ஒரு ரோல்ஸ் வைத்து, கல்லுக்கு முன்னாலும் வைத்தாள்.

“எங்களோட வந்தவருக்கும் குடுக்கத்தானே வேணும்.”

மூன்று பேரும் சிரித்தோம்.

2:05. ஏரிப் பக்கமிருந்து வெள்ளை மூட்டமாகப் பனிப்புகார் வரத் தொடங்கியது. ஜூனில் அது சகஜம்தான். நங்கூரத்தை இழுத்துப் படகைத் திருப்பினேன். பத்து நிமிடத்தில் பாறை மறைந்தது. கரை மறைந்தது. அப்போதுதான் கவனித்தேன். படகு இடது பின்பக்கமாகச் சரிந்திருந்தது. அங்கே கல்லைத் தவிர எதுவும் இல்லை. நிரூபாவையும் அட்சயாவையும் வலது பக்கம் வந்து உட்காரச் சொன்னேன்.

சரிவு நிமிரவில்லை.

2:40. என்ஜின் நின்றது. பெற்றோல் இருந்தது. பற்றரி நல்லது. வயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரி. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. உயிர் போன மாதிரி.

படகில் ஒரு ரேடியோ இருந்தது. பொத்தானை அமத்தினேன். லைற் எரியவில்லை.

2:58. போனில் சிக்னல் இருந்தது. 911 அடித்தேன். ஒரு தடவை ரிங் போனது. எடுத்தார்கள்.

“ஹலோ... ஹலோ...”

பேச்சு இல்லை. தண்ணீர்ச் சத்தம். படகில் தண்ணீர் மோதுகிற சத்தம். எங்கள் படகில் மோதுகிற அதே சத்தம்... போனுக்குள் இருந்து.

நிரூபாவின் போனிலும் அதே. அட்சயாவின் போனிலும் அதே.

3:20. “அம்மா... அந்த ரோல்ஸை யார் சாப்பிட்டது?”

யாரும் சாப்பிடவில்லை. ரிசூ நனைந்து கிடந்தது. கல் நனைந்திருந்தது. இருக்கை முழுக்கத் தண்ணீர். படகின் மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது.

3:35. டொக்... டொக்... டொக்...

படகுக்கு அடியிலிருந்து. இடது பின்பக்கம். கதவு தட்டுகிற மாதிரி, அவசரமில்லாமல்.

கட்டையாக இருக்கும் என்றேன். என் குரலே எனக்கு நம்பும்படியாக இல்லை.

3:44. அட்சயா என் சட்டையைப் பிடித்தாள். கையால் காட்டினாள்.

ஜாக்கெட்.

கல்லைச் சுற்றித் தொளதொள என்று கிடந்த ஜாக்கெட். இப்போது பட்டிகள் மூன்றும் இறுகியிருந்தன. ஜாக்கெட் நிமிர்ந்து நின்றது. உள்ளே ஒரு நெஞ்சு இருப்பது போல.

“உதை எறியுங்கோ,” என்றாள் நிரூபா. “இப்பவே எறியுங்கோ.”

“வேண்டாம் அப்பா. கோவிக்கும்.”

நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. கல்லை ஜாக்கெட்டோடு சேர்த்துத் தூக்கினேன்.

அசையவில்லை.

உள்ளங்கை அளவு கல். ஃபர்னஸ் தூக்குகிற கை என்னுடையது. அசையவில்லை. நிரூபாவும் பிடித்தாள். இரண்டு பேருமாக விளிம்புவரை இழுத்து, தள்ளிவிட்டோம்.

3:50. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

படகு நிமிர்ந்தது. அப்பாடா என்று நிரூபா அழுதாள். நான் எட்டிப் பார்த்தேன்.

செம்மஞ்சள் ஜாக்கெட் தண்ணீரில் நின்றது. மிதக்கவில்லை. நின்றது. கழுத்துத் துவாரம் எங்களைப் பார்த்தபடி.

படகு மெல்ல நகர்ந்தது. அதுவும் நகர்ந்தது.

நாங்கள் படகின் தரையில் இருந்துவிட்டோம். அட்சயாவை என் மடிக்கு இழுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். குழந்தைப் பிள்ளையாக இருந்தபோது பிடித்தது போல. அவளுடைய நெஞ்சு அடிப்பது என் கையில் தெரிந்தது. நிரூபா கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தாள். நான் போனில் நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 3:53... 3:56... 3:59... 4:02...

4:05. இன்னொரு தடவை 911 அடிப்போம் என்று ஒரு கையை எடுத்தேன்.

ஒரு கையைத்தான் எடுத்தேன்.

4:06. அட்சயா எழுந்து நின்றாள்.

“அப்பா... அதுக்குள்ள ஆள் இருக்கு.”

கையை நீட்டினாள்.

படகு ஆடவில்லை. தண்ணீர் தெறிக்கவில்லை.

அட்சயா இல்லை.

கத்தினேன். நிரூபா கத்தினாள். பனிப்புகாருக்குள் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அட்சயாவும் ஜாக்கெட் போட்டிருந்தாள், மிதப்பாள். ஆனால் அந்தத் தண்ணீர் ஐஸ். போனை நிரூபாவிடம் எறிந்துவிட்டு, நங்கூரக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தேன்.

மூச்சு நின்றுபோனது. காலும் கையும் என்னுடையவை இல்லை. ஜாக்கெட் தூக்கிப் பிடித்தது. கையை அடித்து அடித்துப் பார்த்தேன். கயிறு முடிந்தது. பிள்ளை இல்லை.

அப்போது நான் எந்தக் கடவுளையும் கூப்பிடவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கல்லைத்தான் கும்பிட்டேன்.

“என்னைக் கொண்டுபோ. அவளை விடு. என்னைக் கொண்டுபோ...”

தண்ணீர் வாய்க்குள் போகப் போக அதையே சொன்னேன்.

4:17. சைரன். பிறகு வெளிச்சம். பொலிஸ் படகு ஒன்று நேராக எங்களிடம் வந்தது. தேடிக்கொண்டு வரவில்லை. நேராக வந்தது. என்னைத் தூக்கினார்கள். நாற்பது மீற்றர் தள்ளி அட்சயாவைத் தூக்கினார்கள். உதடு நீலம். மூச்சு இருந்தது. நிரூபா அந்தப் பொலிஸ்காரியின் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

“நாலாவது ஆள் எங்கே?” என்று கேட்டார்கள். படிவத்தில் 4 இருந்ததால், நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல் பொழுதுபடும் வரை ஹெலிகொப்ரர் விட்டுத் தேடினார்கள். அது ஒரு கல் என்று சொன்னேன். அதிர்ச்சியில் பினாத்துகிறேன் என்று எனக்கு இன்னொரு போர்வை போர்த்திவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அட்சயா கண் விழித்ததும் என்னைத்தான் தேடினாள்.

“அப்பா, நீங்கதானே என்ர கையை விடாமப் பிடிச்சிருந்தனீங்கள்?”

நான் அவளை எட்டவேயில்லை. கயிறு போதவில்லை.

“ஓம்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

இரண்டு கிழமை கழித்து ஒரு பொலிஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார். கூடவே கஸ்பர் என்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர், மன்னார்ப் பக்கத்து ஆள். அன்று உதவி கேட்டு ரேடியோவில் பேசியது யார் என்று அறிக்கையில் எழுத வேண்டுமாம். யாரும் பேசவில்லை, அந்த ரேடியோ வேலை செய்யவில்லை என்றேன். தெரியும், அதற்குப் பின்னால் வயரே இல்லை, போன வருடமே மரியோ கழற்றிவிட்டாராம் என்றார் அதிகாரி. ஆனால் பேச்சு வந்திருக்கிறது. எங்கள் படகின் பெயரைச் சொல்லி, தமிழில். அந்தக் குரல் வந்த திசையைப் பிடித்துத்தான் அவர்கள் நேராக வந்தார்களாம்.

மேசையில் போனை வைத்து, பதிவைப் போட்டார்.

முதலில் தண்ணீர்ச் சத்தம். பிறகு எங்கள் படகின் பெயரைச் சொல்லி, ஓர் ஆணின் குரல். இளம் வயது. பதற்றமே இல்லாத குரல்.

“பிளஃப்ஸுக்குக் கிழக்கால நிக்கிறம். மூண்டு பேர் வந்தவை. பிள்ளை தண்ணிக்குள்ள. நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். கெதியா வாங்கோ.”

அவ்வளவுதான். மறுபடியும் தண்ணீர்ச் சத்தம்.

“அண்ணை, இது உங்கட குரலோ?” கஸ்பர் கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராக இருந்தாலும் என் பிள்ளையைப் பிடித்துவைத்துக் காப்பாற்றியிருக்கிறான் என்று, அந்தப் போனைப் பார்த்தே கையெடுத்துக் கும்பிட்டேன். நிரூபாவும் கும்பிட்டாள்.

அதிகாரி தன் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்தில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது, அதை மட்டும் சரிபார்க்க வேண்டும் என்றார். மகள் விழுந்தது 4:06 என்று நான் வாக்குமூலத்தில் சொன்னது உறுதிதானா?

உறுதி என்றேன். 4:05க்கு நான் 911 அடித்தது போனில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். அவள் விழுந்தது அதற்குப் பிறகு.

அவர் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். ரேடியோவில் அந்தக் குரல் வந்த நேரம் 3:58.

3:58க்கு அட்சயா தண்ணீருக்குள் இல்லை. படகுத் தரையில், என் மடியில் இருந்தாள். நான் அவளை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.